சுற்றுலாவோடு சேர்ந்த சேவைப் பயணங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு திருப்பலி முடிந்து பங்கு அறிவிப்புகள் வாசிக்கப்படும்போது, 'இலங்கைக்குச் சுற்றுலாவும் சேவையும்' என்ற அறிவிப்பை வடசென்னையில் இப்போது அவ்வப்போது கேட்க முடிகிறது. அப்படிப் புறப்பட்ட பதினான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவனாகப் பத்து நாள் போய்வந்தவன் நான். அடுத்துப் போகிறவர்கள் நாங்கள் செய்த பிழையைச் செய்யக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஊர் பார்ப்பது தவறென்று நான் நினைக்கவில்லை. யாழ்ப்பாணக் கோட்டையையும், 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்ட பொது நூலகத்தையும், போரின் வடுக்களைச் சுமந்த மடுத் திருத்தலத்தையும் பார்க்காமல் அந்த மக்களோடு பேச உட்கார்ந்தால், பாதிப் பேச்சு நமக்குப் புரியாது. தலைமன்னார் இறங்குதுறையில் நின்றபோது, 1964 புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை எழும்பூரில் ரயிலேறியவர்கள் கடல் கடந்து வந்து இறங்கிய துறை இதுதானே என்று எண்ணி எங்களில் மூத்தவர்கள் வெகுநேரம் அசையாமல் நின்றார்கள்.

பிழை சேவைப் பகுதியில்தான் நேர்ந்தது. மன்னார்க் கரையில் ஒரு சிறிய பங்கின் ஆலயச் சுவருக்கு மூன்று நாள் வண்ணம் பூசுவது என்று இராயபுரத்தில் கூடிப் பேசி நாங்களே முடிவு செய்திருந்தோம். உங்களுக்கு என்ன தேவை என்று அந்தப் பங்கைக் கேட்கவில்லை. முதல் நாள் மாலையில் அங்குள்ள பங்குத்தந்தை எங்களைத் தனியே அழைத்து, மனம் நோகாத விதத்தில் இரண்டு செய்திகளைச் சொன்னார். அவ்வூரில் வண்ணம் பூசிக் கூலி வாங்கிப் பிழைக்கும் இருவர் இருக்கிறார்கள் என்பது ஒன்று. சுற்றுலா விசாவில் வந்தவர்கள் ஊதியம் இல்லாமல்கூட வேலை செய்யக் கூடாது என்பது அந்நாட்டு விதி என்பது மற்றொன்று. தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டு, மீதிப் பணத்தை அந்த இருவரின் கூலிக்கென்று கொடுத்தோம். படகோட்டிகள் கட்டியெழுப்பிய ராயப்பர் ஆலயத்தின் நிழலில் வளர்ந்த எங்களுக்கு, பிறர் ஆலயத்தின் சுவரைத் தொடுமுன் கேட்க வேண்டும் என்று தோன்றாமல் போனது இன்றும் வருத்தம் தருகிறது.

இந்த வருத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரைக் குப்பங்களில் யாரும் கேட்காத பழந்துணிகள் சாலையோரம் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். எங்களுக்கு அப்போது வேண்டியிருந்தவை படகும் வலையும் எஞ்சினும். அதைக் கேட்டறிந்து செய்தவர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். பெற்றுக்கொள்ளும் இடத்தில் நின்று பார்த்தவர்களே இன்னோர் ஊரில் போய் அதை மறந்துவிட்டோம்.

மிஞ்சிய இரண்டு நாட்களும் அந்த ஊர் வாடிகளில், அதாவது கரையோர மீனவர் குடில்களில், விருந்தினராக உட்கார்ந்திருந்தோம். எங்கள் குழுவில் காசிமேட்டு மீனவர் நால்வர் இருந்தார்கள். வலை முடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "இந்தக் கிழிசல் உங்கட பக்கத்து றோலர் கிழிச்சது, தம்பி" என்று வலையை விரித்துக் காட்டினார். றோலர் என்று அவர் சொன்னது இழுவைப் படகை. கடலடியை வாரும் வலையைப் படகால் இழுத்து மீன் பிடிக்கும் இழுவை மடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. ஆனாலும் நம் மாநிலத்து இழுவைப் படகுகள் இரவில் வந்து தங்கள் வலைகளை வாரிக்கொண்டு போகின்றன என்று அவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எங்கள் படகுகள் வடக்கே ஆந்திரக் கடல் பக்கம்தான் போகும் என்று சொல்ல வாயெடுத்த எங்கள் மீனவர் ஒருவர், அந்த வலையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அன்று மாலை நடந்த செபமாலையில் இரண்டு கரையின் மீனவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டோம். அந்தப் பத்து நாளில் நாங்கள் உருப்படியாகச் செய்தது அந்த இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்ததுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே, பயணம் ஏற்பாடு செய்யும் பங்குப் பேரவைகளுக்கும், பங்கின் சிறு குடும்பக் குழுக்களான அன்பியங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எது சுற்றுலா நாள், எது சேவை நாள் என்பதை நன்கொடை தருபவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சேவைக்கென்று திரட்டிய பணத்தில் ஊர் பார்க்கும் செலவைச் சேர்க்காதீர்கள். என்ன வேலை, எத்தனை பேர் என்பதை அந்தப் பங்கே எழுதித் தரட்டும். அதற்கு ஏற்ற விசா எது என்பதைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்த பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள். சிறுவர் இல்லங்களுக்குள் ஒரு மணி நேரம் நுழைந்து பிள்ளைகளைத் தூக்கிப் படமெடுத்துக்கொள்வதை அறவே விடுங்கள். நம் பிள்ளைகளை முன்பின் தெரியாதவர்கள் அப்படிச் செய்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

ஆகஸ்டு 15 மடுத் திருவிழாவை ஒட்டிப் பயணம் திட்டமிடுகிற குழுக்கள், அங்குள்ள பங்குகளுக்கு இந்த மாதமே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டால், பதில் வரவும் அதற்கேற்ப ஆயத்தம் செய்யவும் காலம் போதுமானதாக இருக்கும்.

இப்படிக்கு,
இராயபுரம் வாசகர் ஒருவர்,
சென்னை - 600 013.