ஆங்கிலக் கால்வாய்க்கு வீரர்களைத் தயார்ப்படுத்தும் தமிழ்நாட்டு நீச்சல் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில், அலைதடுப்புச் சுவர்களுக்கு உள்ளே சிறிய கடற்கரை ஒன்று இருக்கிறது. மணலைவிடக் கூழாங்கல்தான் அதிகம். கால்வாயைக் கடக்க வருபவர்கள் பழகுவது இங்கேதான். நீங்கள் அழைத்துவரும் வீரர்களின் கைவீச்சில் குறை இல்லை. 33 கிலோமீட்டர் தூரமும் அவர்களுக்குப் பெரிதில்லை. அவர்களைத் தோற்கடிப்பது குளிர். பாக் நீரிணையில் நீர் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். இங்கே மே மாதம் 10, 11; ஜூலையில் 15, 16; ஆகஸ்டில்தான் 17, 18. பாக் நீரிணையைப் போகவும் வரவும் நீந்திய வல்வெட்டித்துறை ஆனந்தன் 1984இல் உயிர்விட்டது இந்தக் கால்வாயில்தான்.

ஆகவே கால்வாயைக் கடக்கத் துணைப் படகு பதிவான நாளுக்குப் பத்து நாள் முன்பு வந்து இறங்காதீர்கள். குளிர்ப் பழக்கத்தை ஊரிலேயே தொடங்குங்கள். தொட்டியில் 150 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 15க்கு இறக்க ஏறத்தாழ 20 கிலோ ஐஸ் போதும். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் என்றால் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி இறக்குங்கள்; அது வாய்க்குப் போகக்கூடாது. முதலில் வீரரை மூன்று மூன்று நிமிடமாக ஐந்தாறு முறை அதில் இறக்குங்கள். குளிர்நீர் பட்டதும் வரும் மூச்சுத் திணறல் அதிலேயே பாதியாகக் குறையும். தனியாக யாரையும் தொட்டியில் இறக்காதீர்கள். இதயக் கோளாறு உண்டா என்று மருத்துவரிடம் முன்பே பார்த்துவிடுங்கள்.

தொட்டி மட்டும் போதாது. 16 டிகிரியைத் தாண்டாத நீரில் ஆறு மணி நேரம் நீந்தினால்தான் கால்வாய்க்குத் தகுதி. ரப்பர் உடை கிடையாது. சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, கண்ணாடி, அவ்வளவே. ஜூலைக் கடைசியில் நீர் 16ஐத் தாண்டிவிட்டால் தகுதி நீச்சலுக்கு வேறு கடல் தேட வேண்டிவரும். ஜூன் தொடக்கத்திலேயே வாருங்கள். இன்னொன்று: தமிழ்நாட்டு நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் 1994இல் கடந்தபோது வயது 12; இப்போது 16 நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை.

கப்பல்கள் ஓயாமல் வந்துபோகும் துறைமுகம் இது. குறித்த எல்லைக்குள், கரையோரமாகவே நீந்தவேண்டும். பளிச்சென்ற நிறத்தில் தொப்பி வேண்டும். அக்குள், கழுத்து, தொடையிடுக்கு, நீச்சலுடைப் பட்டி உரசும் இடங்களில் வாசலைன் தடவுங்கள். தடவுபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். பிசுக்கு நீச்சல் கண்ணாடியில் பட்டால் அன்றைய பயிற்சி போச்சு. முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அரை மணிக்கு ஒருமுறை வெதுவெதுப்பான மாவுச்சத்துப் பானம், குடித்து முடிக்க ஒரு நிமிடம்.

கரையில் நிற்பவர் நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி எழுதிக்கொண்டே இருக்கவேண்டும். 64இல் இருந்தவர் 55க்கு இறங்கினால் கவனியுங்கள். விரல்கள் சேராமல் நண்டுக்கால் போல விரிந்தாலோ, கேட்ட கேள்விக்குப் பதில் குழறினாலோ உடனே வெளியே எடுங்கள். "இன்னும் பத்து நிமிடம்" என்று அவர் கெஞ்சுவார், கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவருடைய தீர்ப்பை நம்ப முடியாது.

உங்களில் பலர் தவறுவது இதற்குப் பிறகுதான். வெளியே வந்து அரை மணி நேரம்வரை உடலின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சிரித்துக்கொண்டு நடந்து வந்தவர் பத்தாவது நிமிடத்தில் சரியலாம். சரிவான கூழாங்கல் கரை, மரத்த கால்: இருபுறமும் ஆள் நின்று தாங்குங்கள். ஈர உடையைக் கழற்றி, துவட்டி, மேலுடம்பு முதலில், அப்புறம் கால் என்று உடுத்துங்கள். தலைக்குக் கம்பளித் தொப்பி. காற்று படாத இடத்தில் உட்காரவைத்து, தெளிவாகப் பேசுகிறார் என்றால் வெதுவெதுப்பாகச் சர்க்கரை போட்ட தேநீர். சுடுநீர்க் குளியல் வேண்டாம். கை கால்களைத் தேய்க்கவும் வேண்டாம். நடுக்கம் முற்றிலும் நிற்கும்வரை அவர் பக்கத்திலேயே ஒருவர் இருக்கட்டும்.

இப்படிக்கு,
டோவர் கரைக் காவலில் நிற்கும் நீச்சல்காரர்கள்