மலை முதலில், கடல் பிறகு

பூர் முரா, ரீயூனியன்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அப்பா பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். ஆகஸ்டில் நீயும் மாப்பிள்ளையும் வருகிறீர்கள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். ஆனால் படித்துப் பார்த்தபோது சந்தோஷம் பாதியில் நின்றுவிட்டது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. நீ இந்தத் தீவில் வளர்ந்தவள், அவர் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

உங்கள் திட்டம் இது: வந்ததும் சேன் ஜில் கடற்கரையில் நாலு நாள், சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் டைவிங். அதில் ஒரு நாள் காலையில் டைவ், மதியம் மாய்தோ மலை. நாலாவது நாள் கடலிலிருந்து நேராக நம் வீட்டுக்கு இரவுச் சாப்பாடு. அப்புறம் எரிமலை, மாஃபாத் மலைப்பகுதி, ஹெலிகாப்டர். கடைசி இரண்டு நாள் கடற்கரையில் சேன் லூவில் மறுபடி டைவிங், அன்று இரவே பாரிஸ் விமானம். இதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும்.

முதலில் அந்த நாலாவது நாள். டைவ் செய்த அன்றைக்கு நீ நம் வீட்டுக்கு வரக் கூடாது. கல்யாணம் ஆகி முதல் தடவை மாப்பிள்ளையோடு வருகிற பெண்ணை வீட்டுக்கு வராதே என்று எந்த அம்மாவாவது எழுதுவாளா? காரைக்காலில் பாட்டி வீடு இருந்தது கடல் மட்டத்தில். அங்கே எப்போது வேண்டுமானாலும் வரலாம். நாம் இருப்பது சுமார் 1,600 மீட்டர் உயரத்தில். உங்கள் இருவர் உடம்புக்குள்ளும் அன்று மாலை என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது உள்ளே போகும், வெளியே வரும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. சிலிண்டரிலிருந்து வாய்க்கு வரும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வரும். அதனால் நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து சேர்ந்துகொண்டே இருக்கும். மெதுவாக மேலே ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வந்தால் ஒரு பகுதி மூச்சோடு வெளியேறிவிடும். ஆனால் படகில் ஏறி, துடைத்து, டீ குடிக்கும்போதும் மிச்சம் உள்ளே இருக்கும். அது முழுக்கப் போவதற்கு மணிக்கணக்காகும். அதற்குள் மலை ஏறினால், வெளியே அழுத்தம் குறைய, கோலி சோடாவைத் திறந்த மாதிரி உள்ளே குமிழி கிளம்பும். மூட்டில் கிளம்பினால் வலி. முதுகுத் தண்டில் கிளம்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாய்தோ எத்தனை மீட்டர்? 2,200. விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 2,000 மீட்டர் மலை உச்சியில் இருப்பதுதான், அதிகபட்சம் 2,400. ஆக, காலையில் கடலுக்குள் இருந்துவிட்டு மதியம் மாய்தோவில் காரை நிறுத்தி இறங்குவதும், டைவ் முடிந்து பாரிஸ் விமானத்தில் ஏறுவதும் உடம்புக்கு ஒன்றுதான். விமானத்துக்கு முன்னால் டைவ் கூடாது என்று டைவிங் படித்த எல்லோருக்கும் தெரியும். இந்தத் தீவில் கடற்கரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் காரிலேயே அந்த உயரத்துக்குப் போய்விடலாம் என்பதுதான் வந்தவர்களுக்கு உறைப்பதில்லை. நம் வீடும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. பறப்பதற்குச் சொல்லியிருக்கும் விதி ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்திலிருந்தே பொருந்தும்.

எத்தனை மணி நேரம் என்று மாப்பிள்ளை கேட்பார். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் இரண்டு, அல்லது அடுத்தடுத்த நாட்களில் டைவ் என்றால் குறைந்தது 18. மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்க வேண்டிய ஆழமான டைவ் என்றால் இன்னும் அதிகம். அவர் இந்த 12 மணி நேரத்தை வைத்துத்தான் கடைசி நாளைப் போட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். முந்தின நாளும் டைவ் இருக்கிறதே? அப்படியே 12 போதும் என்று வைத்துக்கொண்டாலும், படகு ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால் என்ன செய்வது? நான் 24 என்று வைத்துக்கொள்கிறேன். நம்மூரில் இதற்குப் பேரம் பேசினவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இரவு டியூட்டி பார்த்த காலத்தில் உங்களைப் போலவே ஒரு ஜோடி வந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள். காலையில் டைவ், மாலையில் மலையூர் சிலாவோஸில் அறை. அந்த 1,200 மீட்டருக்கு ஏறியதும் அவருக்குத் தோள் வலி. சிலிண்டர் தூக்கினதால் என்று தானே முடிவு செய்து மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார். நடு இரவில் கால் மரத்துப் போயிருக்கிறது, சிறுநீர் போகவில்லை. அப்போதும் "காலையில் பார்க்கலாம்" என்றாராம். மனைவிதான் பிடிவாதமாக இருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழியைச் சுருக்கும் அழுத்த அறையில் பல தடவை வைத்து எடுத்த பிறகு நடந்தார். அந்தப் பெண் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். ஆகவே உனக்குச் சொல்கிறேன்: டைவுக்குப் பிறகு அவருக்கோ உனக்கோ மூட்டு வலி, மரமரப்பு, தோலில் திட்டுத் திட்டாக நிறம், காரணமில்லாத அசதி, எது வந்தாலும் கௌரவம் பார்க்காதே. கரையில் என்றால் 15, கடலில் என்றால் 196, உடனே கூப்பிடு. கிளப்பில் ஆக்சிஜன் இருக்கும், உடனே கொடுக்கச் சொல். தீவிலேயே சேன் பியேரில் அழுத்த அறை இருப்பது நம் அதிர்ஷ்டம்.

இந்த மருத்துவத்தில் ஒரு வேடிக்கை உண்டு. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எப்படி மேலே வர வேண்டும் என்ற முதல் அட்டவணையை 1908-இல் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ்காரர் வெளியிட்டார். அதற்காக அவர் அழுத்த அறைக்குள் வைத்துப் பார்த்தது ஆடுகளை. அப்பாவிடம் இதைச் சொன்னேன், "பாவம் ஆடு" என்றார். டைவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சரி, இப்போது நான் போட்ட திட்டம். விமானத்திலிருந்து இறங்கி நேராக வீட்டுக்கு வாருங்கள். பதினோரு மணி நேரம் பறந்த உடம்புக்கு ஓய்வும் தண்ணீரும் வேண்டும். அப்புறம் எரிமலை. 2007-இல் லாவா கடலில் விழுந்தபோது நீ சின்னப் பெண், டிரெம்ப்ளே பக்கம் யாரும் பார்த்திராத ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்ததைச் செய்தியில் பார்த்துவிட்டு அன்று மீன் குழம்பு வேண்டாம் என்று அடம் பிடித்தாய். அந்தக் கதையை அவருக்குச் சொல். மாய்தோவுக்கு விடியற்காலையில் கிளம்புங்கள், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும். ஹெலிகாப்டரும் இந்த முதல் வாரத்திலேயே. மலையெல்லாம் முடிந்த பிறகு கீழே இறங்கினால், அதற்கப்புறம் ஊர் திரும்பும்வரை மேலே ஏறவே வேண்டாம். வடக்கே சேன் ஆந்த்ரே கோயிலுக்குப் போக ஆசைப்பட்டாலும் கடற்கரைச் சாலையிலேயே சுற்றிப் போங்கள். நம் வீட்டு வழியாகக் குறுக்கே போகும் மலைச் சாலையில் திரும்பாதீர்கள்.

இதில் ஒரு குறை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆகஸ்டில் இங்கே விடியற்காலையில் புல்மேல் உறைபனி படியும், உனக்கு இரண்டாம் நாளே சளி பிடிக்கும். சளியோடு டைவ் செய்ய முடியாது. காது அடைத்தால் அழுத்தத்தைச் சமன் செய்ய வராது, முக்கி முக்கிச் செய்தால் சவ்வு கிழியும். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் தப்பு, அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால் மேலே வரும்போது வலிக்கும். அதனால் கம்பளி, காலுறை, குல்லாய் எல்லாம் எடுத்து வா. ஸ்டைல் பார்க்காதே.

இன்னொன்று. கோபப்படாமல் படி. நாள் தள்ளிப் போயிருந்தால் கடலுக்குள் இறங்கக் கூடாது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அந்தக் குமிழி என்ன செய்யும் என்று யாரும் சோதித்துப் பார்க்க முடியாது, ஆகவே எல்லா டாக்டர்களும் வேண்டாம் என்றே சொல்வார்கள். நான் பேத்தி கேட்டு நச்சரிக்கவில்லை. நர்ஸாகக் கேட்கிறேன். சந்தேகம் இருந்தால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு டெஸ்ட் செய்துவிடு.

நீ போன கோடையில் மார்செய் பக்கம் டைவிங்கில் முதல் படியான நிவோ 1 முடித்தாய், மாப்பிள்ளை அடுத்த படியான நிவோ 2. அதாவது நீ கிளப்பின் வழிகாட்டியோடு 20 மீட்டர் வரை, அவர் வழிகாட்டியோடு 40 வரை. அவருக்கு ஆழம் பார்க்கும் ஆசை இருக்கும். கூட வந்திருப்பது மனைவி என்றால் 20-தான் ஆழம். சேன் ஜில்லுக்கு வெளியே ஒரு மீன்பிடிக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது, 50 மீட்டருக்கும் கீழே. யூடியூபில் பார்த்துவிட்டு அதைக் கேட்டால் கிளப்காரர்கள் சிரிப்பார்கள். 20 மீட்டருக்குள்ளேயே ஆமை, விலாங்கு, சிங்கமீன் எல்லாம் இருக்கின்றன. ஆழம் போகப் போக முதலில் சிவப்பு நிறம்தான் மறையும், மேலே இருக்கும்போதுதான் பவளம் அழகு.

உன் குரு அவர் இல்லை, வழிகாட்டிதான். கீழே புருஷன் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. "எல்லாம் சரி" என்பதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாதே, அங்கே அதற்கு அர்த்தம் "மேலே போகலாம்". கேமராவைப் பார்த்து ஒரு தடவை அப்படிக் காட்டினால் போதும், கூட்டம் மொத்தமும் கிளம்பிவிடும். அவர் உன்னைவிட ஆளும் பெரியவர், நுரையீரலும் பெரியது. காற்று அவருக்குத்தான் முதலில் குறையும். அதைப் பற்றிக் கேலி பண்ணாதே. சிலிண்டரில் 50 பார் அழுத்தத்துக்குக் காற்று மிச்சம் இருக்கும்போது படகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சை மட்டும் ஒருபோதும் அடக்காதே. ஏறும்போது அடக்கினால் நுரையீரல் கிழியும், அதற்கு 24 மணி நேரமெல்லாம் தேவையில்லை.

சுறா பற்றி காரைக்காலிலிருந்து சித்தி போன் செய்து அழுதாள். நீ வருவதை அப்பாதான் உளறியிருக்கிறார். 2011-க்கும் 2019-க்கும் நடுவில் இந்தக் கடலில் 11 பேர் போனது உண்மை. அவர்களில் பெரும்பாலோர் நீர்ப்பரப்பில் அலைச்சறுக்கோ நீச்சலோ செய்துகொண்டிருந்தவர்கள். 2013-இலிருந்து, பவளத் திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத லகூனுக்கு வெளியே, காவல் இல்லாத இடங்களில் குளிக்கவும் சறுக்கவும் தடை இருப்பது உனக்குத் தெரியும். டைவிங் வேறு. ஆனாலும் கலங்கிய தண்ணீரில், ஆற்று முகத்துவாரத்தில், சாயங்காலம் இறங்காதே. கடற்கரையில் ஏற்றியிருக்கும் எச்சரிக்கைக் கொடியைப் பார்த்து நட. எர்மிட்டாஜ் லகூனுக்குள் சுறா பொதுவாக வராது, அங்கே விஷ முள் உள்ள கல்மீன்தான் பயம். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நட. குத்திவிட்டால் தாங்குகிற அளவு சுடுதண்ணீரில் காலை வை, பிறகு ஆஸ்பத்திரி.

ஆகஸ்டில் தண்ணீர் 23 டிகிரிதான் இருக்கும், 5 மில்லிமீட்டர் உடை கேள். குளிருக்கு ஈடாகத் திமிங்கிலம் கிடைக்கும். அண்டார்டிக்காவிலிருந்து குட்டி போட வருகிற கூனல் திமிங்கிலங்கள், ஜூனிலிருந்து அக்டோபர் வரை இருக்கும். அவற்றைப் பார்க்காமலே தண்ணீருக்குள் பாட்டு கேட்கும் என்கிறார்கள், நெஞ்செலும்பு அதிருமாம். பாடுவது ஆண் மட்டும்தான். இதைப் படித்துக் காட்டும்போது அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

கடைசி நாள் கடலுக்கு விடுமுறை. சேன் லூவிலேயே இருங்கள். நாங்கள் இறங்கி வருகிறோம், எங்களுக்கு மலையிலிருந்து கீழே வர ஒரு தடையும் இல்லை. கெலோனியா ஆமைக் காப்பகத்தில் ஆமைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே மரத்தடியில் சாப்பிடலாம். இடியாப்பமும் மீன் குழம்பும் கட்டி எடுத்து வருகிறேன். மாப்பிள்ளைக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று போன தடவை சொன்னாயே, மீனுமா, இறால் மட்டும்தானா? அதைத் தெளிவாக எழுது. இரவு விமானம் எத்தனை மணிக்கு என்பதையும்.

அன்புடன்,
அம்மா