கற்பூரத்தில் வாங்கிய ஓட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அரசியலில் மதம் என்றாலே எல்லோரும் மேடைப் பேச்சைத்தான் சொல்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அது கற்பூரத் தட்டில் வந்தது.

2011 சட்டமன்றத் தேர்தல், வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் இரவு. பக்கத்து வீட்டு அத்தை கையில் கவரைக் கொடுத்தார்கள். வாசற்படியிலேயே கற்பூரத்தை ஏற்றி, அவர் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த 3 வயதுப் பேரன் தலையில் அவர் கையையே வைக்கச் சொல்லி, சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தைக்குப் பிடித்த வேட்பாளர் வேறொருவர். ஆனாலும் காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு போய், சத்தியம் செய்த சின்னத்திலேயே அழுத்திவிட்டு வந்தார். "மாத்திப் போட்டு புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றார்.

பணத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அதற்காகவே 2017இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையும், 2019இல் வேலூர் தேர்தலையும் ரத்து செய்தார்கள். ஆனால் ஓட்டு ரகசியம். வாங்கிக்கொண்டு மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியும்? அதனால்தான் சாமியைக் காவலுக்கு நிறுத்துகிறார்கள்.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவு மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதைத் தடுக்கிறது. அது பலருக்கும் தெரியும். வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் குற்றம்தான் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகளில் 4 பேர் தீர்ப்பளித்தார்கள். அதே பிரிவில் அதிகம் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது. வாக்காளருக்கோ அவருக்கு வேண்டியவருக்கோ தெய்வக் குற்றம் வந்து சேரும் என்று நம்பவைப்பதும் தேர்தல் முறைகேடுதான். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அத்தையின் பேரன் முகம்தான் வந்தது.

நானும் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். சத்தியத்தைப் பெரிதாக நினைப்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. பச்சைப் பிள்ளையைக் காட்டிப் பயமுறுத்தி வாங்கிய சத்தியம் எப்படிச் சத்தியமாகும்? அத்தையிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. கோயில் பூசாரி சொன்னால் கேட்பார். ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்தின வாரம் பூசாரிகளும் பாதிரியார்களும் இமாம்களும், "இப்படி வாங்கிய சத்தியம் உங்களைக் கட்டாது, சாமி குத்தம் வராது" என்று கூடியிருக்கும் மக்களிடம் ஒரு தடவை சொல்ல வேண்டும். தேர்தல் ஆணையமும் இதையே தன் சுவரொட்டிகளில் பெரிய எழுத்தில் போடட்டும்.

அந்தப் பேரனுக்கு இப்போது 18 வயது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் கொடுத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்