ஹெட்போனுக்கு ஒரு வாட் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த ஹெட்போன் கட்டுரையைப் படித்தேன். 300 ஓம் (மின்தடை அளவு) ஹெட்போன் வாங்கினால் குறைந்தது ஒரு வாட் ஆம்ப் (ஹெட்போனுக்கு பவர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) வேண்டும், இல்லாவிட்டால் பணம் வீண் என்று போட்டிருந்தது. கடையில் சொல்லும் அதே பேச்சு. கணக்குப் போட்டால் நிற்காது.

சென்ஹைசர் எச்டி 650-ஐயே எடுத்துக்கொள்வோம், 300 ஓம் என்றதும் பலரும் அதைத்தான் சொல்வார்கள். ஒரு வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் வரும் என்று அதன் விவரத்தாளே சொல்கிறது. வீட்டில் சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்க 80 டெசிபல் தாராளம். அதற்கு இது எடுத்துக்கொள்வது ஒரு மில்லிவாட்டில் அறுபதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். சரி, சராசரியை மட்டும் பார்த்தால் போதாது, கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனம் வரும்போது மிருதங்கத்தின் ஒரு அடி சராசரியைவிட 20 டெசிபல்கூட எகிறலாம், அதற்கும் மேலே கொஞ்சம் இடம் விட்டு உச்சத்தை 110 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10 டெசிபல் ஏற பவர் 10 மடங்கு, ஆக 30 டெசிபலுக்கு 1000 மடங்கு. அப்போதும் கணக்கில் வருவது சுமார் 17 மில்லிவாட், 2.2 வோல்ட். ஒரு வாட் எங்கே, இது எங்கே!

ஓமை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் தப்பு. ஹைஃபைமேன் எச்இ-6 வெறும் 50 ஓம்தான், ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும், அதே 110-ஐத் தொட 450 மில்லிவாட் கேட்கும். அதற்குப் பெரிய ஆம்ப் வாங்குங்கள், நியாயம். (சென்சிட்டிவிட்டியை, அதாவது கொடுப்பதற்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதை, ஒரு கம்பெனி வோல்ட்டுக்குப் போடும், இன்னொன்று மில்லிவாட்டுக்குப் போடும், எச்டி 650-இன் 103, மில்லிவாட் கணக்கில் 98தான். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.)

அப்புறம், ஆம்ப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் '1000 மில்லிவாட்' பெரும்பாலும் 32 ஓமுக்கான கணக்கு. 300 ஓமை மாட்டினால் வோல்டேஜ் கூடப்போவதில்லை, அதே ஆம்ப் 107 மில்லிவாட்தான் தரும். 500-க்குப் பதில் 1000 என்று கூடுதல் காசு கொடுத்தாலும் கிடைப்பது வெறும் 3 டெசிபல், வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்புகிற அளவு.

காது என்று ஒன்றும் இருக்கிறதே. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த முறை ஆம்ப் பட்டியல் போடும்போது எந்த ஓமுக்கு எத்தனை மில்லிவாட், அதிகபட்சம் எத்தனை வோல்ட் என்று இரண்டு கட்டம் சேர்த்துப் போடுங்கள். மீதிக் கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி