சளி இல்லை என்று சொன்னவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. நேற்று குனிந்து செருப்பு வாரை மாட்டினேன், மூக்கிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது.

முதல் நன்றி அண்ணிக்கு. நான்கு மாதமாக வலது மூக்கில் மட்டும் தண்ணீராக ஒழுகியதை நானும் சளி என்றேன், பார்த்த மருத்துவர்களும் அலர்ஜி என்று மாத்திரை எழுதினார்கள், தூக்கம் வந்ததுதான் மிச்சம். "சளின்னா ஒரு பக்கம் மட்டுமா ஒழுகும்? கைக்குட்டை காய்ஞ்சாலும் விறைக்கவே இல்லையே, தொண்டையில இறங்கும்போது உப்புக் கரிக்குதா?" என்று நீங்கள் கேட்டிராவிட்டால் இன்னும் அந்த மாத்திரையைத்தான் விழுங்கிக்கொண்டிருப்பேன்.

அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டர் அம்மாவுக்கு. வெளியே அத்தனை பேர் காத்திருக்க, என்னைக் குனிந்து உட்கார வைத்து, ஒரு சின்னக் குப்பியை மூக்கடியில் பிடித்தபடி சொட்டுச் சொட்டாக விழும்வரை பொறுமையாக இருந்தீர்கள். எப்போதோ படியில் வழுக்கித் தலை இடித்தது நீங்கள் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. சாதாரண மூக்குநீரில் இருக்காத பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அந்தக் குப்பியில் இருந்தது. அதாவது மூளையைச் சுற்றியிருக்கும் நீர்.

அன்று நீங்கள் காகிதத்தில் வரைந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூளையைச் சுற்றி மூன்று படலங்கள்: வெளியே தோல் மாதிரி தடித்த டியூரா, நடுவில் சிலந்தி வலை போன்ற அரக்னாய்டு, மூளையோடு ஒட்டிய மெல்லிய பையா. நடுப்படலத்துக்கும் உள்படலத்துக்கும் இடையில் ஓடுகிற நீரில் மிதப்பதால்தான் 1,400 கிராம் மூளை 50 கிராம் போலக் கனக்கிறதாம். மூளை வற்றிப்போகுமா என்று நான் கேட்டதற்குச் சிரித்துவிட்டு, உள்ளே எப்போதும் இருப்பது 150 மில்லிதான், ஆனால் தினமும் 500 மில்லி அளவுக்குப் புதிதாக ஊறும் என்றீர்கள். சரி, அப்படியானால் ஒழுகட்டுமே என்று நினைத்தேன். தலை இடித்ததில் விழுந்து, இப்போது நீர் வெளியே வருகிற ஓட்டை வழியாகக் கிருமி உள்ளே போனால் மூளையுறை அழற்சி, உயிருக்கே ஆபத்து என்று நீங்கள் சொன்ன பிறகுதான் பயமே வந்தது.

அறுவை செய்த டாக்டருக்கும் மயக்க மருந்து தந்தவருக்கும். மண்டையைத் திறக்காமல் மூக்கு வழியாகவே கேமராக் குழாய் விட்டு, மூக்குக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள சல்லடை எலும்பிலும் டியூராவிலும் இருந்த ஓட்டையை என் தொடையிலிருந்து எடுத்த திசுவால் அடைத்தீர்கள். தொடைச் சதையால் மூளைக்கு ஒட்டுப் போட்டது என்றால் யாரும் நம்புவதில்லை, தழும்பைக் காட்ட வேண்டியிருக்கிறது.

இரவுப் பணியில் இருந்த சிஸ்டர்களே, தலைமாட்டை உயர்த்தியே வைத்தீர்கள். மூக்கைச் சிந்தாதே, முக்காதே, தும்மல் வந்தால் வாயைத் திற என்று நீங்கள் சொன்னதை இப்போது தூக்கத்தில்கூடச் செய்கிறேனாம்.

கடைசியாகத் தம்பிக்கு. ஆறு வாரம் என்னை ஒரு வாளிகூடத் தூக்க விடவில்லை நீ. கெடு போன வாரமே முடிந்துவிட்டது, ஆனாலும் துணிப்பெட்டியைப் பரணில் ஏற்ற நீ ஞாயிற்றுக்கிழமை வரத்தான் வேண்டும். டாக்டரிடம் மட்டும் கேட்டுவிடாதே.