முழு வருகைப் பரிசு இந்த ஆண்டு முதல் இல்லை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் கொடுத்துவந்த முழு வருகைப் பரிசை இந்த ஆண்டு முதல் நிறுத்திவிட்டேன். காரணத்தைச் சொல்லவே இந்தக் கடிதம்.

போன வருடம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி துப்பட்டாவால் கன்னத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விலக்கிப் பார்த்தால் பொன்னுக்குவீங்கி. உடம்பு அனலாகக் கொதித்தது. வீட்டுக்குப் போகச் சொன்னதும், "பரிசு போயிருமே சார்" என்று அழுதாள். மூன்று வாரத்துக்குள் அவள் பெஞ்சிலும் முன் பெஞ்சிலும் ஐந்து பேருக்கு வீங்கிவிட்டது. அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காய்ச்சலோடு அவளை வரவழைத்தது நாங்கள் வைத்த பரிசுதான்.

அரசு இலவசமாகப் போடும் ஊசிகளில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் உண்டு. பொன்னுக்குவீங்கிக்கும் சின்னம்மைக்கும் கிடையாது. அவற்றைத் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அதனால் நம் பிள்ளைகளில் பலருக்கு, நோய் கண்ட பிள்ளை வீட்டில் இருப்பதுதான் காவல். பொன்னுக்குவீங்கி என்றால் வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே விடாமல் வைத்திருப்பது நம் பக்கத்து வழக்கம். அதை அப்படியே செய்யுங்கள், நல்ல வழக்கம் அது. கூடவே டாக்டரிடமும் காட்டுங்கள்; பள்ளிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அடுத்தது ஊசி. ஐந்தாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் பள்ளியிலேயே டி.டி. ஊசி போட நர்ஸம்மா வருகிறார்கள். "சின்ன வயசிலேயே எல்லாம் போட்டாச்சே" என்று சிலர் சம்மதச் சீட்டைக் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறீர்கள். ரணஜன்னி என்ற டெட்டனஸுக்கும் தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியாவுக்கும் குழந்தையில் போட்ட ஊசியின் பலம் வருடம் போகப் போகக் குறையும். அதனால்தான் பத்து வயதிலும் பதினாறு வயதிலும் மறுபடி போடுகிறார்கள். கை ஒரு நாள் இரண்டு நாள் வலிக்கும், உடம்பு லேசாகக் காயும், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். பயத்தில் மயங்கி விழுகிற பிள்ளைகளைக் கேட்டால், காலையில் நீராகாரம்கூடக் குடித்திருக்காது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பல வீடுகளில் ரேஷன் கார்டோடு தடுப்பூசி அட்டையும் போய்விட்டது எனக்குத் தெரியும். அட்டை இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். துணை சுகாதார நிலையத்தில் புதன்கிழமை ஊசி போடும் நாள். அங்கே போய்ப் பழைய பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். விட்டுப்போனது எது என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

டெங்குவுக்கு அப்படி ஊரெல்லாம் போடும் ஊசி இன்னும் வரவில்லை. கொசுவை ஒழிப்பது மட்டும்தான் வழி. போன வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் பின்னால் போனேன். யாரோ போட்டுவிட்டுப் போன பழைய ஆட்டுரல். அதன் குழியில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் இருக்கும். டார்ச் அடித்தால் நூல் நூலாகப் புழுக்கள் நெளிந்து அடியில் போய் ஒளிகின்றன. தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. இந்தக் கொசு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டவைக்கும். கரிப்பொடி தூவியது போல இருக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டால் பொரித்துவிடும். ஆகவே வாரம் ஒரு முறை தொட்டி, டிரம், குடம் எல்லாவற்றையும் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள். குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் பிடித்து வைக்கிற வீடுகளில் இது பெரிய வேலைதான், தெரியும். சிரட்டையையும் டயரையும் பிள்ளைகளே அப்புறப்படுத்தட்டும். அதையே இந்த வார வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன்.

காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். பீடி சுற்றும் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் முதல் ஐந்து நாளுக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு வேறொன்று என்று, எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பது டாக்டருக்குத்தான் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அவர்கள் அனுப்பினால் திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை நீங்களாகக் கொடுக்கக் கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்டபின்தான் இன்னும் கவனம் வேண்டும். அந்த ஒன்றிரண்டு நாளில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது என்று எது கண்டாலும் உடனே கிளம்புங்கள்.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை இலவசம். டி.பி. என்று தெரிந்தால் மருந்தும் இலவசம்.

சரி, லீவு விஷயம். காய்ச்சலுக்கு லீவு லெட்டர் வேண்டாம், வகுப்பாசிரியருக்கு ஒரு போன் போதும். விட்டுப்போன பாடத்தைத் திரும்பி வந்தபின் நாங்கள் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தருவோம். இத்துடன் உள்ள ஊசிச் சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்