சுவர் தெரியும் படம்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? மேட்டூர் திறந்து நம் வாய்க்கால் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை முன்னைக்கு இப்போது பரவாயில்லை. செய்தி அவ்வளவுதான்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் ஊர் திரும்பியதிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. மூன்றிலும் "ம்", "சரிப்பா", "அம்மாகிட்ட குடுங்க". வேலை அதிகமாக இருக்கும், இருக்கட்டும். நாற்பது வருஷம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிய ஆள், எனக்குப் பேச்சைவிட எழுத்துதான் கைவரும்.

நீ அனுப்பிய படங்களை எல்லாம் அம்மா தெருவுக்கே காட்டிவிட்டாள். படகில் நான் தொப்பியோடு நிற்பது, மார்க்ஸ்பர்க் கோட்டை வாசல், எல்லாம் வந்தது. கடைசி நாள் போனோமே, அந்த இரட்டைக் கோட்டை, அதில் எடுத்த படம் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. மறந்திருப்பாய்.

டீக்கடையில் எல்லாரும், "ஜெர்மனியில கோட்டை பார்த்தியாமே, ராஜா யாரு?" என்று கேட்டார்கள். ராஜா எங்கே ஐயா, ரைன் ஆற்றங்கரை நெடுகச் சுங்கச்சாவடிதான் என்றேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை 65 கிலோமீட்டர், அதற்குள் நாற்பதுக்குப் பக்கமாகக் கோட்டைகள். கரையோரம் பெரிய பெரிய எண் பலகைகள் நட்டிருப்பதையும், கான்ஸ்டன்ஸ் பாலத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணிக்கொண்டே வருவதையும், லோரலைப் பாறையருகே 554 என்று போட்டிருந்ததையும் சொன்னேன். ஆற்றுக்கு இப்படி சர்வே எண் போட்டு வைத்திருக்கிறார்கள் பார், அதுதான் எனக்குப் பிடித்தது. பாறை 132 மீட்டர் உயரமாம், படகில் பாட்டெல்லாம் போட்டார்கள். எனக்கு அது சாதாரணப் பாறையாகத்தான் தெரிந்தது.

கௌப் ஊருக்கு எதிரே ஆற்று நடுவில் கப்பல் மாதிரி நிற்கிறதே, ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன், அதைத்தான் மறக்க முடியவில்லை. 1327-இல் கோபுரம் எழுப்பினார்களாம், மதில் அப்புறம் வந்ததாம். கூர்முனையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக் கட்டியிருக்கிறான். வெள்ளைச் சுவர், சிவப்புக் கோடு. வசூல் பண்ணத்தான் அவ்வளவும், அதுவும் 1860கள் வரைக்கும். எத்தனை படகுக்காரன் வயிறு எரிந்திருப்பான்! ரைன்ஃபெல்ஸ் கோட்டையைக் கட்டிய ஐந்தாம் டீட்டர் பிரபு சுங்கத்தை ஏற்றினான் என்று 1255-இல் ஊர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து முற்றுகை போட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் சுற்றி நின்றும் ஒன்றும் பண்ண முடியவில்லை என்றாயே. அதே கோட்டையை 1794-இல் பிரெஞ்சுக்காரன் வந்தபோது சண்டையே போடாமல் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அவன் வெடி வைத்துத் தகர்த்தான். சண்டை போட்டவரைக்கும் நின்றது. இதைச் சொன்னதும் டீக்கடையில் எல்லாரும் அரசியல் பேச ஆரம்பித்துவிட்டார்கள், நான் எழுந்து வந்துவிட்டேன்.

படிக்கட்டில் பார்த்து நட. உன் வீட்டு மாடிப்படியைச் சொல்கிறேன். விளக்குத் தானாக அணைகிற படி அது, பாதியில் இருட்டிவிடுகிறது. கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு இறங்காதே, வழுக்கும்.

மார்க்ஸ்பர்க்கிற்கு மாப்பிள்ளை கூட வந்தார். அங்கே குதிரை ஏறுவதற்கென்று பாறையையே படியாக வெட்டியிருக்கிறார்களே, ஒரு படி அகலம், ஒரு படி குறுகல், நடுவில் தேய்ந்து வழவழவென்று. என் முட்டி தெரிந்து நீ கையைப் பிடித்துக்கொண்டாய். அந்தப் பகுதி மலைக்கோட்டைகளில் இடிபடாமல் தப்பித்தது அது ஒன்றுதான் என்று வழிகாட்டிப் பெண் சொன்னதற்கு நீ ஜெர்மனில் ஏதோ திருப்பிக் கேட்டாய். அவள் நின்று யோசித்துப் பதில் சொன்னாள். கூட்டம் முழுக்க உன்னைத் திரும்பிப் பார்த்தது. சுவருக்கு வெளியே தொங்கும் கக்கூஸைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார், அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ரேகை வைக்கிற குடும்பத்திலிருந்து வந்த பெண், அந்த ஊர்க்காரியை யோசிக்க வைக்கிறாள். அம்மாவிடம் இதை நாலு தடவை சொல்லிவிட்டேன்.

ஆனால் படித்த பிள்ளை அப்பாவிடம் பேசுகிற பேச்சா அது, "சரிப்பா"? கோபம் இருந்தால் கோபமாகவே பேசலாம்.

பாகராக் மலை மேலே ஷ்டாலெக் கோட்டையில் ஒரு ராத்திரி தங்கினோம். 1689-இல் பிரெஞ்சுக்காரன் இடித்ததைப் போன நூற்றாண்டில் எடுத்துக்கட்டி, பள்ளிப்பிள்ளைகள் தங்குகிற விடுதியாக்கியிருக்கிறார்கள். மேலும் கீழுமாகக் கட்டில், எனக்குக் கீழ்க்கட்டில். கோட்டையில் படுக்கிற யோகம் நம் வம்சத்தில் யாருக்கும் இருந்ததில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை. இக்கரையில் ஒரு ரயில், அக்கரையில் ஒரு ரயில், விடிய விடிய கூட்ஸ் வண்டி. கண் விழிக்கும்போதெல்லாம் நீ ஜன்னல் ஓரமே உட்கார்ந்திருந்தாய். போனைப் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மறுநாள் காலையில் படகேறி கம்ப்-போர்ன்ஹோஃபென் ஊருக்குப் போனோம். மைன்ஸிலிருந்து கோப்லென்ஸ் வரை ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம்கூட இல்லை, காரையும் படகில்தான் ஏற்றுகிறார்கள் என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தேன். மேலே ஒரே மலைமுதுகில் ஷ்டெரன்பெர்க், லீபென்ஸ்டைன் என்று இரண்டு கோட்டை, கூப்பிட்டால் கேட்கிற தூரம். நடுவில் அந்தத் தடித்த சுவர். சண்டைச் சுவர் என்றுதான் அதற்குப் பெயர் என்றாய். நான் உடனே, "உங்க சித்தப்பனும் நானும் கட்டினதைவிட உசரம்" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

காப்பி வந்தது. போனில் பார்த்து அந்தக் கதையைப் படித்துச் சொன்னாய். உண்மையில் அப்படி அண்ணன் தம்பி இருந்ததாக ஆதாரம் இல்லை, லீபென்ஸ்டைனே ஷ்டெரன்பெர்க்குக்குக் காவலாகக் கட்டியதுதான், ஊருக்கு ஒரு மாதிரி சொல்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாய். அண்ணன் தம்பி இருவருக்கும் கண் தெரியாத ஒரு சகோதரி. அப்பன் விட்டுப்போன பொற்காசை மரக்காலில் அளந்து பங்கு போடுகிறார்கள். தங்களுக்கு அளக்கும்போது நிரம்ப நிரம்ப. அவளுக்கு அளக்கும்போது மரக்காலைக் கவிழ்த்துப்போட்டு, அடிப்பக்கத்தில் காசைப் பரப்பி, தொட்டுப் பார்த்துக்கொள் என்றார்கள். அவள் கையால் தடவிப் பார்த்து, சரி, நிறைந்திருக்கிறது என்றாள். அவளுக்கு வந்த கொஞ்சம் குறையவே இல்லை, கீழே தெரிகிற போர்ன்ஹோஃபென் கோயிலுக்கெல்லாம் அதிலிருந்துதான் கொடுத்தாள். இவர்களுக்குத்தான் ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் சமாதானமாகி, வேட்டைக்குப் போகலாம், முதலில் எழுந்தவன் மற்றவன் ஜன்னல் கதவில் அம்பு விட்டு எழுப்பட்டும் என்று பேசிவைத்தார்கள். ஒருவன் அம்பை விட்ட அதே நேரம் மற்றவன் கதவைத் திறந்தான்.

சொல்லிவிட்டு, காப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டாய்: "பூதலூர் அத்தை ஏம்ப்பா நம்ம வீட்டுல ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்ல?"

படகுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். படகுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. கரையில் அந்த பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

உனக்குத் தெரிந்து கேட்டாயா, தெரியாமல் கேட்டாயா என்று மூன்று வாரமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறேன். சித்தப்பா மகன் எதாவது சொன்னானா? சரி, யார் சொன்னால் என்ன. நானே எழுதிவிடுகிறேன்.

1991. தாத்தா தவறிய வருஷம். வீடு ஒன்று, தோப்பு ஒன்று. அத்தை வந்து, "வீடு உங்களுக்குத்தாண்டா, தோப்புல ஓரமா எனக்கு ரெண்டு மா நிலம் விட்டாப் போதும்" என்றாள். சித்தப்பா வேண்டாம் என்றான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. விடுதலைப் பத்திரத்தை நானே என் கையெழுத்தில் எழுதினேன். சொத்து விவரத்தில் முதல் அயிட்டம் வீடு, இரண்டாவது தோப்பு முழுவதும். படித்துக் காட்ட வேண்டும் அல்லவா? படித்துக் காட்டினேன். வீட்டுக்கு நான்கெல்லையையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். பக்கத்தைத் திருப்பும்போது இரண்டு தாளாகத் திருப்பினேன். "மேற்படி பத்திரத்தைப் படிக்கக் கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டு" என்ற வரிக்கு வந்து, இங்கே வை என்று காட்டினேன். அத்தை அந்தத் தாளை உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டுப் பெருவிரலை வைத்தாள். மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு, "டீ வாங்கிக் குடுடா" என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.

தோப்பிலிருந்து முதல் தேங்காய் இறக்கியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. சண்டை போடவில்லை. தங்குவதை நிறுத்திவிட்டாள். பொங்கலுக்கு வருவாள், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். தோப்புக்காக அப்புறம் சித்தப்பாவும் நானும் அடித்துக்கொண்டதும், தோப்பு யார் கைக்குப் போனது என்பதும் உனக்கே தெரியும். நீ ஜெர்மனிக்குக் கிளம்பும்போது பேங்குக் கணக்கில் காட்டப் பணம் குறைந்ததே, அந்த நாலு வளையல் யாருடையது என்பதும் தெரியும். "புள்ள படிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். இரண்டு கையாலும் வாங்கினேன்.

போன வியாழன் பூதலூர் போனேன். நீ கொடுத்தனுப்பிய காந்தப் பொம்மையைக் கொடுத்தேன், அந்தக் கப்பல் கோட்டை. அவளிடம் பிரிட்ஜ் ஏது, பழைய டிரங்குப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொண்டாள். மோர் கொடுத்தாள். "எத்தனை கோட்டைடா பார்த்தே?" என்றாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்த இரண்டை மட்டும் சொல்லவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

பத்திரத்தின் நகல் என் பெட்டியில்தான் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

அந்தச் சுவர் தெரிகிற மாதிரி நீ எடுத்த படம் உன்னிடம் இருக்கும். அழிக்காமல் இருந்தால் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நான்தான் போனை எடுப்பேன். அம்மாவிடம் கொடு என்றால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: மாடிப்படி விளக்கை மேலே ஒரு தடவை போட்டால் போதாது, நடுத்தளத்திலும் ஒரு சுவிட்ச் இருக்கிறது, கதவுக்கு இடது பக்கம். நான் பார்த்து வைத்திருக்கிறேன்.